பைலட் சீட்டில் ஒரு மூடி

வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான், சார். சுங்கை பூலோவில் எங்கள் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "இன்னொரு தடவை இழுத்தா பூட்டு கையோட வந்துரும்" என்பாள் என் மனைவி நல்லம்மாள். அதனால்தான் உங்கள் விசாரணை அறிக்கையில் 'எண்ணெய் ஊற்றியவரின் மறதி' என்று படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

பறக்கும் கிளப்பில் சின்ன விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுவது இருபத்திரண்டு வருடமாக என் வேலை. டாங்கி மூடி இறக்கையின் மேலே இருக்கும். கழற்றி அங்கேயே வைத்துவிட்டு மறந்துபோவது எந்த ஊரிலும் நடக்கிற தப்பு. மூடி இல்லாமல் பறந்தால், இறக்கையின் மேல் ஓடுகிற காற்றே எண்ணெயை உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கழற்றிய மூடியைப் பைலட் சீட்டில் வைப்பேன். ஊற்றி முடித்ததும் எடுத்து மூடுவேன். நான் மறந்தாலும் உட்கார வருகிறவர் கண்ணில் படும்.

கேப்டன் பரமேஸ்வரன் அவசரக்காரர். ஒரு காலையில் நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஏறி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "நாகையா அண்ணே, நான் என்ன அடைகாக்குற கோழியா? எடுங்க லா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள், சீட்டில் எதையும் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். கேண்டீனில் என்னைக் 'கோழி அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஒரு நல்ல பழக்கம் வீணாகிறதே என்று வருத்தம்தான்.

அந்தச் சனிக்கிழமை கேப்டனோடு விஷ்ணுப்ரியா என்ற பெண் ஏறினாள். கிள்ளானிலிருந்து வந்தவள். பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாங்கிக்கொடுத்த டிக்கெட். "அங்கிள், சேஃப்தானே?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் செக் பண்ணியாச்சு" என்றேன். அவள் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஏணி வைத்து ஏறி மூடியைப் பார்ப்பது பைலட்டின் பொறுப்பு. கேப்டன் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் அளவு காட்டும் முள் பழுது என்றும் தெரியும். அதைப் பழுதுப் புத்தகத்தில் எழுதியவனே நான்தான். சொல்லித் திருந்தாதவர் பட்டுத்தான் திருந்துவார் என்பார்களே. எண்ணெய் குறைவதைப் பார்த்ததும் பயந்து திரும்பிவிடுவார், இனி மூடியைப் பற்றிச் சிரிக்கமாட்டார் என்று நினைத்தேன். கெடுதலாக எதையும் நினைக்கவில்லை.

மேரு ஊருக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் விமானம் விழுந்தது. இரண்டு பேருமே பிழைக்கவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் இப்போது கிளப்பில் போய்ப் பாருங்கள், எல்லா விமானத்திலும் மூடியைச் சீட்டில்தான் வைக்கிறார்கள். அந்தப் பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள்.

இந்தாருங்கள், அந்த மூடி. அன்று காலையிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அறிக்கையில் வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார். 'மறதி' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு மூடியைக்கூட மறந்ததில்லை.