மழை மாதத்தில் எடுத்த கிராஃப்

முடிச்சூரில் எங்கள் நிலத்தை விற்று, பிளாட் கல் நட்ட வருஷம் அது. வாங்கினவர்கள் வீடு கட்ட வரும்வரை அந்தக் கல்லில்தான் எங்கள் மாட்டைக் கட்டினோம். அப்போது ஒரு நாள் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எதிரில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவரிடம், "நானும் கைடு சாரும் கண்டுபிடிச்சது வெறும் தண்ணி, அண்ணா" என்றாள். இருவரும் காலேஜில் ரசாயன ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"மெதுவா பேசு, வசந்தி."

"எதுக்கு மெதுவா? அதான் ஆராய்ச்சிப் பத்திரிகையில கட்டுரையா அச்சுலயே வந்துடுச்சே. மழை மாசம், ஏசி ஓடல. நாங்க செஞ்ச பொடியை உப்போட அரைச்சு, வில்லையா அழுத்தி மெஷின்ல வெச்சோம். உப்பு ஈரத்தை இழுத்துக்கிச்சு. கிராஃப்ல வந்த மேடு அந்த ஈரத்தோடது. அதைப் பாத்துட்டு புதுப் பொருள்னு எழுதிட்டோம். உப்பை நல்லா காய வெச்சு மறுபடி எடுத்தேன், மேட்டையே காணோம்."

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியும் கசியும். இதற்கா இத்தனை சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

"இதெல்லாம் யாரும்மா கவனிக்கப் போறா? சார் கையெழுத்து போடலன்னா உனக்கு டாக்டர் பட்டம் கிடையாது. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினாரு."

"கிடைக்காட்டி போகட்டும். தண்ணியைக் கண்டுபிடிச்சதுக்கு ஒரு பட்டமா?"

"இத்தனை வருஷ உழைப்பும்மா."

"அதான் சொல்றேன். உழைச்சவ நான், கட்டுரையை வாபஸ் வாங்கறதும் நான்."

கிண்டி வந்தது. அவள் எழுந்தாள்.

"நாளைக்கு அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போடறேன். அதுல சாரும் கையெழுத்து போட்டா ரெண்டு பேரா தப்பை ஒத்துக்கலாம். இல்லன்னா நான் மட்டும் ஒத்துக்கறேன். போய் அவர்கிட்ட சொல்லிடுங்கண்ணா."