பாலைமரங்களுக்கு நடுவே ஒரு கட்டடம்

மலசலகூடம் கட்டுகிறவர் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை. கதிரை தந்தீர்கள், நன்றி. நான் நின்றபடியே சொல்கிறேன். சில நாட்களாக ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

உப்புவெளிக்கு வடக்கே, கடற்கரைப் பற்றைக்காட்டில், குளிக்க வருகிறவர்களுக்கு ஒரு சிறு கட்டடம் வேண்டுமென்று எழுபத்திரண்டில் எங்கள் அரசாங்கக் கந்தோரில் தீர்மானித்தார்கள். கழிப்பறைகள், உடுப்பு மாற்ற ஓர் அறை, அவ்வளவுதான். படம் வரையும் வேலை எனக்கு வந்தது. அதுவரை மதகும் மதிலும் வரைந்தவன். ஒரு மரமும் தறிக்காமல், பாலைமரங்களுக்கு நடுவே, வெள்ளைச் சுவரும் தாழ்ந்த ஓட்டுக் கூரையுமாக வரைந்தேன். காட்டிலேயே முளைத்ததுபோல இருந்தது.

பக்கத்தில் ஒரு குடிசை. றஹ்மா என்ற விதவையும் அவளுடைய சின்ன மகள் அசனாவும் இருந்தார்கள். கிடுகு வேலி, அடுப்புப் புகை, கொடியில் உடுப்பு. எங்கே நின்று பார்த்தாலும் கட்டடத்துக்கு முன்னால் அந்தக் கொடிதான் தெரியும். வேறு காணி எடுத்துத் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன்.

"ஏலாது நானா," என்றாள் றஹ்மா, என்னை அண்ணன் முறை வைத்து. "இந்தக் கரையில உப்புக் கரிக்காத கிணறு இது ஒண்டுதான். இத விட்டுப்போட்டு நாங்க எங்க போற?"

ஆக, அவர்களைப் பிடித்து வைத்திருந்தது கிணறு. அதை அவளேதான் சொன்னாள்.

படத்தில் மலக்குழி பின்பக்கப் பள்ளத்தில் இருந்தது. அதை மேட்டுக்கு, கிணற்றுக்கு அருகே மாற்றினேன். மணல் நிலம், குழியின் அடியைப் பூசாமல் விட்டேன். பார்வையிட வந்த பெரியவர்கள் கூரையைப் புகழ்ந்தார்கள். குழியைப் பற்றிக் கேட்கவில்லை.

தண்ணீர் நாறும், அவர்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கட்டடம் திறந்து மாதங்களாகியும் நாறவில்லை. தெளிவாகவே இருந்தது. அதுதான் என்னை அலைக்கழித்தது. வேலையில் மனம் நிற்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

அப்படிப் போன ஒரு மத்தியானம் அசனா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க மாமா. வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க."

"வேணாம் மகள். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

அவள் அதைக் கீழே ஊற்றவில்லை. என் முன்னாலேயே அண்ணாந்து குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை அவளுக்கு வாந்தி, வயிற்றோட்டம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளையின் உயிர் போய்விட்டது. றஹ்மா மூதூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்கள், என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள்.

குழி தவறி வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. தெரிந்தே அங்கே வைத்தேன். தெரிந்தே அவளைக் குடிக்க விட்டேன். குடிக்காதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தான். ஏன் என்று கேட்டிருப்பாள். சின்னப் பிள்ளைகளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.