குன்வோரின் நாவலில் நான் சேர்த்த பதினோரு பக்கம்

காபி ஆறிவிட்டது. பரவாயில்லை, நான் ஆறின காபியும் குடிப்பேன். நடந்துகொண்டே பேசினால் உங்களுக்குத் தொந்தரவில்லையே? ஏப்ரலிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

குன்வோர் ஹெடன்ஸ்கோக்கின் நான்கு நாவல்களையும் ஸ்வீடிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவள் நான். பிறந்தது இங்கிலாந்தின் லீட்ஸ், ஸ்வீடனின் வடகோடியில் லூலியோ நகருக்கு எதிரே இந்தத் தீவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். முதல் மூன்றிலும் ஒரு வரி மாற்றவில்லை. யாரும் சீந்தவில்லை. நான்காவது, பால் பண்ணையைப் பாகம் பிரிக்கும் அக்கா தங்கையின் கதை. அருமையான கதை. லண்டன் பதிப்பாளர் ஒன்றுதான் கேட்டார்: "ஸ்வீடன் கதைன்னாலே கொலைதான் கேக்குறாங்க, இதுல யாருமே சாகலையா?"

அதனால் தங்கையைச் சாகவைத்தேன். பதினோரு பக்கம். பனியில் ஒரு பிணம், அதிகம் பேசாத ஒரு போலீஸ்காரர். குன்வோரின் நடையிலேயே எழுதினேன். அமெரிக்காவில்கூட வாசகர் வட்டங்கள் கூடிப் படித்தார்கள். எல்லோரும் மெச்சியது அந்தப் பதினோரு பக்கத்தைத்தான்.

அச்சான பிறகு தன் புத்தகத்தை எந்த மொழியிலும் குன்வோர் திறக்கமாட்டாள். ஓஹையோவிலிருந்து ஒரு வாசகி, தங்கை ஏன் சாக வேண்டும் என்று கேட்டு அவளுக்கே எழுதிவிட்டாள். ஏப்ரலில் குன்வோர் தென்கோடி மால்மோவிலிருந்து ரயிலேறி, உறைந்த கடல்மேல் வழிகாட்டக் கம்பு நட்ட பாதையில் நடந்து, ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றாள்.

கத்தவில்லை. "கதையில வர்ற தங்கை என் சொந்தத் தங்கச்சி, தெரியுமில்ல? இன்னும் பால் கறந்துட்டிருக்கா. அவளக் கொன்னுட்டு, புத்தகம் நல்லா விக்குதுன்னு எனக்கு வாழ்த்து வேற அனுப்பினே."

"உன்னைப் படிக்கிறாங்களே, குன்வோர்."

"உன்னைப் படிக்கிறாங்க. எங்க நாட்டுல பொணம் விழுந்தாத்தான் உங்க ஆளுங்களுக்கு அது இலக்கியமா? நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிடப் போறேன்."

பூட்ஸை மாட்டிக்கொண்டே, ரயிலுக்கு நேரமாயிற்று, குறுக்கு வழி உண்டா என்று கேட்டாள்.

"கம்புப் பாதைய விட்டுட்டு அந்த நிலமுனையை ஒட்டி நேராப் போயேன். அரை மணி நேரம் மிச்சம்" என்றேன்.

முனைக்கு அப்பால் அடியில் நீரோட்டம் உண்டு. ஏப்ரலில் அங்கே பனிக்கட்டி தாளாக இளைத்திருக்கும் என்பது இந்தத் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவள் தெற்கத்திக்காரி. நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஜன்னலருகே நின்று பார்த்தேன். சிவப்புத் தொப்பி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பிறகு இரண்டு கைகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. பனி உடைந்து விழுந்தவர்களை இழுத்தெடுக்கும் கயிறும் ஏணியும் என் கொட்டகையில்தான் இருந்தன. நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

நான் தள்ளவில்லை. வழி கேட்டாள், சொன்னேன். அவள் போன செய்தி வந்ததும் ஆங்கிலத்தில் நான்கு நாவல்களையும் மறுபடி அச்சிடுகிறார்கள், யாரும் தொடாத அந்த மூன்றையும் சேர்த்து. ஓர் எழுத்தாளருக்கு மொழிபெயர்ப்பாளர் இதைவிட என்ன செய்துவிட முடியும், நீங்களே சொல்லுங்கள்.