யாருடைய முதுகு

— இல்ல லஸ்ஹர் பெரியப்பா, நல்லாப் பாருங்க. இது போன மாசத்து எக்ஸ்ரே. கடைசி எலும்பு முன்னாடி வழுக்கிக் கிடக்கு. இது போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. அதே எலும்பு அடுக்கி வச்ச மாதிரி நேரா நிக்குது.

— அல்லாவோட கருணை, டாக்டரம்மா. தானா சரியாயிடுச்சு போல.

— சரியான முதுகா உங்களைச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வைக்குது?

— அப்ப மெஷின்ல கோளாறு. இந்த ஸ்ஃபாக்ஸ் கடலோர ஊராச்சே, உப்புக் காத்துல துருப்பிடிச்சிருக்கும்.

— சிரிச்சு மழுப்பாதீங்க. உங்க முதுகைத் திறக்கப்போறவ நான். எந்த நரம்பு நசுங்குது, எலும்புல திருகாணி எவ்வளவு ஆழம் இறங்கலாம், எல்லாம் படத்தைப் பார்த்துத்தான். படம் தப்புன்னா அப்புறம் காலை இழுத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்க. இது யாரு?

— என் பேருதான் போட்டிருக்கே.

— பேரைக் கேக்கல. முதுகைக் கேக்கறேன்.

— ...கதவைச் சாத்தும்மா.

— சாத்தித்தான் இருக்கு.

— வெளிய இருக்கிற நர்ஸ் பொண்ணு எங்க ஊரு ரதயேஃப்காரி. அவ காதுல விழுந்தா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள்ள ஊர் சந்தி சிரிச்சிடும்.

— என்கிட்டதானே சொல்றீங்க. சொல்லுங்க.

— முப்பது வருஷம் பாஸ்பேட் சுரங்கத்துல கிடந்தவன் நான். உள்ள இறங்கப் பயந்த பசங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினவன். ‘நீ என்ன பொம்பளையாடா’ன்னு திட்டினவன். மன்னிச்சுக்கோ மகளே, உன் முன்னாடியே சொல்றேன்.

— பரவாயில்ல, அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவதான் நானும்.

— அந்த எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள என்னைப் படுக்க வச்சுத் தள்ளினாங்க. மூக்குக்கு மேல ஒரு சாண் இடம் கூட இல்ல. டமடமன்னு இடிக்குது. மேல மண்ணு சரியற சத்தமேதான். கத்திட்டேன். பச்சைப்புள்ள மாதிரி அழுதுட்டேன். துணியிலயே போயிடுச்சு, மகளே. இழுத்து வெளிய விட்டு, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க.

— மறுநாள் வந்தது யாரு?

— தம்பி. மொங்கி. இப்பவும் என்கூட வந்து வெளிய உக்காந்திருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. என் அடையாள அட்டையை அவன் கையில கொடுத்தேன். ஒரே வயித்துல பொறந்த எலும்புதானே, பெருசா என்ன மாறிடப்போகுதுன்னு நினைச்சேன்.

— அடக் கடவுளே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூங்க வச்சே எடுத்திருப்பாங்களே!

— வாய் வரல. லஸ்ஹர் பயந்தான்னு எப்படிச் சொல்லுவேன்? உங்க அப்பா வயசு எனக்கு, இப்ப உன் முகத்தைப் பார்க்கக் கூசுது. நல்லாத் திட்டு. அவனை மட்டும் ஒண்ணும் சொல்லாதே. மாட்டேன், மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன்... என்னம்மா, மறுபடி அந்தப் படத்தையே பார்க்கறே?

— மொங்கிக்கு முதுகுவலி உண்டா?

— அவனுக்கா? எருது மாதிரி மூட்டை தூக்குவான். கொஞ்ச நாளாத்தான் ராத்திரி எழுந்து முற்றத்துல நடக்கறான். கிழவனாயிட்டடான்னு கேலி பண்ணுவேன்.

— இளைச்சிருக்காரா?

— ரம்ஜான்லேர்ந்து கால்சட்டை இடுப்புல நிக்க மாட்டேங்குது. ஏன் கேக்கறே? அவனுக்கு ஏதும் கேஸு கீஸு வருமா? தப்பு என்னுதும்மா.

— இந்தப் படத்துல, நடு எலும்பைத் தின்னுக்கிட்டு ஒரு கட்டி இருக்கு, பெரியப்பா. அது உங்களுதுன்னா உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு காலையிலேர்ந்து தவிச்சிட்டிருந்தேன். தம்பியை உள்ள கூப்பிடுங்க.