சாம்பல் புதனன்று நிரம்பிய கோயில்

பான்கேக் மாவைக் கரைத்த கையோடு சுடக்கூடாது. கொஞ்ச நேரம் மூடி வைத்தால்தான் மெதுமெதுவென்று வரும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவள் என் மனைவி மனோரஞ்சிதம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எங்கள் கோயிலில் முன்பு இருந்த வெள்ளைக்காரப் பெண்கள். லெந்து காலத்து நோன்பு தொடங்குவதற்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை மாலை, அங்கிலிக்கன் கோயில்களில் பான்கேக் சுட்டு எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். மனோ போன பிறகு மாவு கரைப்பது என் வேலையாகிவிட்டது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள். அதற்கு நன்றி. என் பெயர் அன்புராசா. ஸ்காபரோவில் நீங்கள் வந்து பார்த்த அந்தச் சின்னக் கோயிலுக்கு நான் வார்டன். பனி தள்ளுவது, கதவு பூட்டுவது, கிறிஸ்மசுக்குக் குடில் கட்டுவது, அறுவடைத் திருநாளுக்குப் பூசணிக்காய் வாங்கி அடுக்குவது எல்லாம் நான்தான். எல்லாப் பூட்டுகளின் திறப்புகளும் என்னிடம்தான் இருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் கோயிலின் நிலைமையைச் சொல்ல வேண்டும். நாங்கள் கனடாவுக்கு வந்து சேர்ந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பிந்திப் போனால் நின்றுதான் கும்பிட வேண்டும். பிறகு பிள்ளைகள் ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். அவர்களோடு பெற்றோரும் போனார்கள். போகாதவர்கள் இறந்தார்கள். சென்ற தைமாதம், எங்கள் கோயில்களை நிர்வகிக்கும் பேராயத்திலிருந்து ஒரு அம்மா வந்து, ஈஸ்டரோடு கோயிலை மூட வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொன்னார். காணியை விற்றுவிடுவார்களாம்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "பின்தோட்டத்தில் இருப்பவர்களை என்ன செய்வீர்கள்?"

கோயிலுக்குப் பின்னால், லைலாக் செடியோரமாக, இறந்தவர்களின் சாம்பலைப் புதைக்கும் சிறு தோட்டம் உண்டு. மனோ அங்கே இருக்கிறாள். தினமும் காலையில் போய் அவளோடு கதைப்பேன். "மரியாதையாக வேறிடத்துக்கு மாற்றுவோம்" என்றார் அந்த அம்மா. வீட்டுத் தளபாடம் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற குரல்.

இனி இரத்தினவேல் அண்ணை. அவர் சைவக்காரர். பருத்தித்துறையில் பள்ளிக்கூடத்து அதிபராக இருந்தவர். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் மண்டபத்தில் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்போம். மகள் துர்க்கா அவரைக் கொண்டுவந்து விடுவாள். மறதி நோய் முற்றிக்கொண்டு வந்தது. மகளின் பெயர்கூடச் சில நாட்களில் வராது. ஆனால் சீட்டை மறக்கவில்லை. என்னோடுதான் விளையாடுவார். நான் தோற்றால் சந்தோஷப்படுவார். அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பான்கேக் விருந்துக்கும் துர்க்கா அவரைக் கூட்டிவந்தாள். அவளுக்கு வேலை இருந்தது.

"அங்கிள், அப்பாவை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. ஷிப்ட் முடிஞ்ச உடனை வாறன்."

"நீ போட்டு வா பிள்ளை. நான் பாக்கிறன்."

வந்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். மாவு மிஞ்சிவிட்டது. வெளியே கார் நிறுத்துமிடம் பனி உறைந்து வழுக்கியதால், தூவுவதற்கு உப்பு எடுக்கப் பின்னாலிருக்கும் கொட்டிலைத் திறந்தேன். பள்ளத்தாக்கு தொடங்குகிற விளிம்பில் நிற்கும் பலகைக் கொட்டில். புல்லு வெட்டும் மெஷின், உப்பு மூட்டை, கிறிஸ்மஸ் குடிலின் ஆடுகளும் மேய்ப்பர்களும் அதற்குள் இருக்கும். உப்பைத் தூவி முடித்து, திரும்பி வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இந்த முதல் பூட்டு முற்றிலும் தற்செயல்.

துர்க்கா வந்தபோது அண்ணை மண்டபத்தில் இல்லை. தேடினோம். பொலிசைக் கூப்பிட்டோம். பனி கொட்டத் தொடங்கி அடிச்சுவடுகளை மூடிவிட்டது. கொட்டிலைப் பார்த்தீர்களா என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். பூட்டியிருக்கிறது என்றேன். அது உண்மை.

விடிவதற்குள் செய்தி எல்லோருடைய ஃபோனுக்கும் போய்விட்டது. காலையில் நான் வந்தபோது கார் விட இடமில்லை. யூனியன்வில்லிலிருந்து, மார்க்கத்திலிருந்து, எங்களை விட்டுப் போன குடும்பங்கள் அத்தனையும் வந்திருந்தன. கோயில்காரர்கள், அதாவது முருகன் கோயில்காரர்கள், சட்டி சட்டியாகச் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். முகம் தெரியாத பெடியன்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கித் தேடினார்கள். எங்கள் குருவானவர் ஃபாதர் மாக்கஸ், பார்படோஸ்காரர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த மண்டபம் இதற்காகத்தான் கட்டப்பட்டது என்றார்.

இன்னும் உப்பு வேண்டும் என்று கேட்டார்கள். போய்க் கொட்டிலைத் திறந்தேன்.

அவர் மேய்ப்பர்களுக்கு நடுவில், தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு, வைக்கோலில் இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னை அடையாளம் கண்டார்.

"அன்பு, இது என்ன இடமடா? ஆடெல்லாம் நிக்குது."

"கோயில் கொட்டில் அண்ணை."

"துர்க்கா வந்திட்டாளோ?"

மகளின் பெயர் அன்று அவருக்குச் சரியாக வந்தது.

"வாறா அண்ணை. கொஞ்சம் இருங்கோ."

நான் கூப்பிட்டிருந்தால் அரை நிமிடத்தில் நூறு பேர் ஓடி வந்திருப்பார்கள். கூப்பிடத்தான் திரும்பினேன். மண்டபத்துப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம். மனோ இருந்த காலத்துச் சத்தம். இப்போது கூப்பிட்டால் எல்லோரும் கைதட்டிவிட்டு, சோற்றை மூடிக் கட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அன்று சாம்பல் புதன். கத்தோலிக்கர்கள் விபூதிப் புதன் என்பார்கள். மாலையில் ஆராதனை இருந்தது, பேராயத்து அம்மாவும் வருவதாக இருந்தது. ஆராதனை முடிந்ததும் அண்ணையைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். ஒரு பகல்தானே. அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை.

தேநீரும் இரண்டு போர்வையும் ஜக்கெட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேநீரைக் குடித்தார். விரல்கள் விறைத்திருந்ததால் கோப்பையை நான்தான் பிடித்தேன்.

"கதவைச் சாத்தாதை, அன்பு."

"குளிருமண்ணை. சாத்தினால்தான் நல்லது."

வெளியே வந்து பூட்டினேன். இது இரண்டாவது பூட்டு.

அந்த மாலைபோல ஒரு மாலையை நான் அந்தக் கோயிலில் கண்டதில்லை. சுவரோரமெல்லாம் சனம். ஃபாதர் மாக்கஸ் நெற்றியில் சாம்பல் பூசத் தொடங்கினார். சைவக்காரர்கள் என்ன செய்வார்களோ என்று பார்த்தேன். அவர்களும் வரிசையில் வந்தார்கள். திருநீறு எங்களுக்குப் புதிசோ என்று ஒரு அம்மா என்னிடம் சொல்லிவிட்டு நெற்றியைக் காட்டினார். துர்க்கா முன்வரிசையில் அப்பாவின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் பூசினார். எனக்கும் பூசினார்.

நான் வாசலில் நின்றேன். பிந்தி வந்த யாருக்கோ கதவைத் திறந்தபோது, அந்தச் சத்தம் கேட்டது. பலகையில் தட்டுகிற சத்தம். பலமில்லை. தட்டும், நிற்கும், பிறகு தட்டும். சீட்டு விளையாடும்போது என் முறை வந்தால் மேசையில் அப்படித்தான் தட்டுவார்.

கதவைச் சாத்தினேன். கீர்த்தனை முடிந்து சனம் மௌனமாக ஜெபிக்கத் தொடங்கியிருந்தது. அந்த மௌனத்தில் தட்டுவது எவருக்கும் கேட்டுவிடும். நான் நடுவழியால் நடந்துபோய், ஓகன் இசைக்கருவி வாசிக்கும் பெண்ணிடம் இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னேன். சனத்தைப் பார்த்து, எல்லோரும் எழுந்து நின்று சத்தமாகப் பாடுங்கள், இரத்தினவேல் அண்ணை எங்கிருந்தாலும் அவருக்குக் கேட்கட்டும் என்றேன். பாடினார்கள். துர்க்காவும் எழுந்து, வார்த்தை தெரியாத பாட்டைப் பாடினாள். சாளரக் கண்ணாடி அதிர்ந்தது.

முடிந்ததும் பேராயத்து அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, இப்படியொரு சபையை மூடுவது பற்றி இனி யாரும் பேசப்போவதில்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு தேநீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் என்னோடு கதைக்க விரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வருவோம் என்றார்கள். கண்டுபிடித்துவிட்டால் ஏன் வரப்போகிறார்கள் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அன்று இரவு குளிர் கடுமையாக இறங்கும் என்று ரேடியோவில் சொன்னது எனக்குத் தெரியும்.

வியாழன் காலை திறந்தபோது கதவோடு சாய்ந்திருந்தார். திறந்ததும் என் காலடியில் சரிந்தார். அவருடைய கண்களை மூடிவிட்டு, அவர் நம்பிக்கைப்படி இருக்கட்டும் என்று "சிவ சிவ" என்றேன்.

சில நாள் கழித்து, எதிரே வருபவர் தெரியாத அளவுக்குப் பனி கொட்டிய ஒரு மத்தியானம், குடிலின் பொம்மைகளை ஏற்றுகிற சறுக்குப் பலகையில் வைத்து அவரைப் பள்ளத்தாக்குக்குள் இறக்கினேன். பனி மூடியது. ஈஸ்டருக்கு முந்திய பரிசுத்த வாரத்தில் பனி கரைந்தபோது, நாயைக் கூட்டிப்போன ஒருவர் கண்டார். வழிதவறிப் போய் விழுந்ததாக நீங்களே பொலிஸ் அறிக்கையில் எழுதினீர்கள். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் கோயில் நிரம்பியிருந்தது. செத்தவீட்டுக்கு வந்த சனத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

கோயில் தப்பியது. ஈஸ்டருக்கு லில்லிப் பூ வைத்தோம். கோடையில் முற்றத்தில் சாப்பாட்டுச் சந்தை நடத்தினோம். துர்க்கா எல்லாவற்றுக்கும் வந்து நின்றாள். அப்பாவின் அஸ்தியை ஏரியில் கரைத்துவிட்டு, கொஞ்சத்தை மட்டும் ஒரு செப்புச் செம்பில் வைத்திருந்தாள்.

"அங்கிள், அப்பாக்கு உந்த இடம்தான் பிடிச்சது. மனோ அன்ரிக்குப் பக்கத்திலை வைக்கலாமோ?"

நான் எப்படி மாட்டேன் என்பது? நானே குழி தோண்டினேன். நானே மண்ணைத் தள்ளினேன்.

அதற்குப் பிறகு மனோ என்னோடு கதைப்பதில்லை. காலையில் போய் இருப்பேன். லைலாக் இலை அசையும். மண்ணுக்குக் கீழே பலகை இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டும், நிற்கும், பிறகு தட்டும். இப்போது கோயிலுக்குள்ளும் கேட்கிறது. வெப்பக்குழாய் என்கிறார் ஃபாதர் மாக்கஸ். ஆளனுப்பித் திருத்தினார். நின்றபாடில்லை. ஓகன் வாசிக்கும்போது மட்டும் நிற்கும். பாட்டு முடிந்தால் தொடங்கும்.

முன்பு இருந்த சனமும் இல்லை. அறுவடைத் திருநாளுக்கு வந்தவர்கள் பூசணிக்காய்களைவிடக் குறைவு. பேராயத்து அம்மா மறுபடியும் வந்து போனார். அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

இரண்டாவது பூட்டை நான் தெரிந்தே பூட்டினேன். அவர் தட்டியது கேட்டது. கேட்டுத்தான் பாடச் சொன்னேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்து எங்கே வைக்க வேண்டுமென்று காட்டுங்கள்.

ஃபாதர் மாக்கஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக் கதிரைகளையும் கோயிலுக்குள் எடுத்துப் போடட்டும். இது தெரிந்தால் சனம் வரும்.