இன்னும் கொஞ்சம் ஏத்து

ரெக்கார்டரை ஃபேனுக்கு எதிரே வைக்காதீர்கள், வீட்டுக்குப் போய்க் கேட்டால் ஒன்றும் விளங்காது. இப்படி, இந்தக் குஷன்மேல் வையுங்கள். முப்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு என்பதால், யார் எதைத் தப்பாக வைத்தாலும் என் வாய் சும்மா இருக்காது.

எங்கள் புது ஆல்பத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள். காதைக் கிழிக்கிற அந்தக் கீச்சு ஒலியை எப்படித் துணிந்து வைத்தோம் என்று கேட்கிறீர்கள். உங்கள் பத்திரிகையே அதைப் புரட்சி என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சொல்கிறேன், டீயைக் குடியுங்கள்.

எங்கள் ராக் குழு எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும். வாஷிங் மெஷினுக்குள் கரண்டிகளைப் போட்டுச் சுற்றவிட்டு, அதோடு டிரம்ஸ் வாசித்தவர்கள் நாங்கள். முதல் ஆல்பத்தை வாங்கியவர்கள் அத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம், அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். தலைவர் கிதார் வாசிப்பவர். பாடியவள் என் தங்கை. இரண்டாவது ஆல்பம் வெளிவருவதற்குள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். ஸ்டுடியோவின் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்வது நான்.

சில வருடங்களுக்கு முன் தங்கைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. இப்போது அவளால் கிசுகிசுக்க மட்டும்தான் முடியும். காதைக் கிட்டே கொண்டுபோனால் எனக்குப் பாதி புரியும். மாப்பிள்ளைக்கு முழுக்கப் புரியும். அவள் உதடு பிரியும்போதே தலையைச் சாய்த்துவிடுவார்.

வாத்தியம் எதுவும் இல்லாமல் அவள் தனியாகப் பாடிய டேப் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் பதிவு செய்தது. நடுவில் இருமிவிட்டு, "அண்ணா, ஓடுதா?" என்று கேட்பாள். பிரதி எடுக்க அவள் விடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு, ஆறுதலாக இருக்கட்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அதைப் போட்டுக் கேட்பேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம்.

ஏழாவது பாட்டில் ஒரு பெண்குரல் தேய்ந்து தேய்ந்து வெறும் இரைச்சலாகிவிடுகிறது அல்லவா, அது அந்த டேப்தான். நான் ஊரில் இல்லாத வாரத்தில் மாப்பிள்ளை அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பதிவு செய்து, ஒவ்வொரு தடவையும் காந்தத்தைக் கிட்டே காட்டி அழித்திருக்கிறார்.

"என்ன மாப்பிள்ளை பண்ணி வச்சிருக்கீங்க?"

"குரல் போறதையே பாட்டாக்கியிருக்கோம் மச்சான். கேட்டுப் பாரு, அழுதுடுவ."

அழவில்லை. என் தங்கையிடம் மிச்சமிருந்ததை ஒரு பாட்டுக்காகத் தின்றுவிட்டானே என்று மனதுக்குள் ஒருமையில் திட்டினேன். அவர் செய்ததுபோலவே நானும் பதிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம். ஹெட்ஃபோனை மாட்டியதும் கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஏத்து மச்சான்" என்பார். நான் ஒலியைக் கூட்டும் குமிழைத் தொட்டுவிட்டுத் திருப்பாமலே "ஏத்திட்டேன்" என்பேன். "ஆங், இப்ப சரி" என்பார். எங்கள் தொழிலில் இந்தச் சின்னத் திருட்டுத்தனம் சகஜம், வாசிப்பவர்களின் காது பிழைத்துக் கிடப்பதே இதனால்தான். போதாததற்கு, சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றையும் அவருக்காகப் பொருத்தியிருந்தேன்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. லிமிட்டரைக் கழற்றினேன். அவர் ஏற்றச் சொன்னபோது நிஜமாகவே ஏற்றினேன். அவர் கேட்காத எதையும் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் பேச்சை ஒழுங்காகக் கேட்டது அப்போதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

காது மந்தமாக ஆக, இன்னும் ஏற்றச் சொன்னார். மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும்.

"எல்லாம் கம்பளி போத்தின மாதிரி கேக்குதே மச்சான்?"

"ஹெட்ஃபோன் பழசு மாப்பிள்ளை."

நம்பிப் புதிது வாங்கிவந்தார். தனக்குக் கேட்கும்வரை கீச்சு ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். டிரம்மர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நீங்கள் எழுதிய புரட்சி இதுதான். மிக்ஸிங்கில் நான் அதைக் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை.

பாதி ஆல்பம் முடிந்திருந்தபோது தங்கை ஸ்டுடியோவுக்கு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் என் காதோரம் குனிந்து, எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவர்மேல கோவப்படாதண்ணா. அழிக்கச் சொன்னது நான்தான். அவர் மாட்டேன்னு கெஞ்சினாரு. காந்தத்தைப் பிடிச்சதும் நான்தான். வாராவாரம் நீ வந்து டேப்புல அந்தப் பொண்ணைப் பாடவிட்டா, நான் எப்படி வாழறது?"

அன்றைக்குப் பார்த்து எல்லாச் சொல்லும் புரிந்தது. உள்ளே அவர் விரலை உயர்த்தினார். ஏற்றினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவளுக்குக் குமிழைப் பற்றி என்ன தெரியும்? புருஷனை விட்டுக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அவள் மனசு அப்படி. அவளுக்காகத்தான் அதன் பிறகும் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளைக்கு இனி காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தலையைச் சாய்க்கிறார், அவள் சொல்கிறாள், மறுபடி சொல்கிறாள், பிறகு இருவரும் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். "என்கிட்ட பேசும்மா, நான் இருக்கேன்ல?" என்றேன். என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. தொண்டை வலியாக இருக்கும்.

அதனால் ஒரு வார்த்தை விடாமல் அச்சில் போடுங்கள். மாப்பிள்ளையின் காதைப் போக்கியவன் நான், தெரிந்தே செய்தேன். தனக்காக இவ்வளவு செய்ய ஓர் அண்ணன் இருக்கிறான் என்று படித்தால், என்னோடு பேசிவிடுவாள்.