திருத்தம் இல்லாத ரிப்போர்ட்

கண்ணாடியை மாற்றச் சொல்லி கண் டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. பார்வை மங்கியதால் நேர்ந்த பிழை என்று சொல்லிவிடலாம் என்றார் என் வக்கீல். வேண்டாம் என்றேன். எனக்கு நன்றாகவே தெரிந்தது.

நான் நோய்க்குறியியல் டாக்டர். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷத்தில் என் கையெழுத்துப் போட்ட எந்த ரிப்போர்ட்டிலும் ‘திருத்தம்’ என்ற சிவப்பு முத்திரை விழுந்ததில்லை. லேபில் எனக்குக் ‘கல்வெட்டு’ என்று பட்டப்பெயர். வீட்டிலும் அதே கேலிதான். “தப்பே பண்ணாத மகராசன் வந்துட்டாரு, வழி விடுங்கடா” என்பாள் மனைவி. எனக்கு அது பிடிக்கும்.

அந்தத் தையல்காரப் பெண்மணியின் முழங்காலுக்குப் பின்னாலிருந்து எடுத்த கட்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. நரம்பிலிருந்து வளர்ந்த சாதாரணக் கட்டி, பயமில்லை என்று எழுதினேன். உடன் வேலை பார்க்கும் டாக்டரம்மா மட்டும் தயங்கினார்.

“சார், இன்னொரு சாயம் போட்டுப் பாத்துடலாமே?”

“இதுக்கெல்லாமாம்மா?” என்றேன். அதோடு அவர் விட்டுவிட்டார்.

பதினொரு நாள் கழித்து, மாணவர்களுக்குக் காட்ட எதையோ தேடும்போது அதே ஸ்லைடு மறுபடி கையில் வந்தது. பார்த்ததும் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. சினோவியல் சார்கோமா. மூட்டுகளை ஒட்டிய தசையில் வரும் புற்றுநோய். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது. அந்த வாரமே சுற்றி அகலமாக வெட்டியெடுத்திருந்தால் அநேகமாக அவர் பிழைத்திருப்பார். ஒரு போன் போதும். ஆனால் போனுக்குப் பின்னாலேயே சிவப்பு முத்திரையும் வரும்.

திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து வைப்போம். அதை மெலிதாகச் சீவி, செல்கள் கண்ணுக்குத் தெரியச் சாயம் போட்டுத்தான் ஸ்லைடு செய்வது. சந்தேகம் வந்தால் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பது நடைமுறை. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு வேளையில் நானே சீவும் மிஷினில் உட்கார்ந்தேன்.

“நீங்க எதுக்கு சார்?” என்றார் டெக்னீஷியன், டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

“கை மறந்துடக் கூடாதுல்ல.”

சிரித்தார். திசு தீர்ந்து வெறும் மெழுகு வரும்வரை சீவினேன். சீவல்களைத் துடைத்துக் குப்பையில் போட்டேன். பழைய ஸ்லைடையும் உடைத்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணி நன்றி சொல்ல வந்தார். என் வெள்ளைக் கோட்டில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, கைப்பையிலிருந்து ஊசிநூல் எடுத்து அங்கேயே தைத்துக் கொடுத்தார்.

“இனிமே ஒண்ணும் பயமில்லையே டாக்டர்? மெஷின் மிதிக்கலாமில்ல?”

“தாராளமா மிதிங்கம்மா.”

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். எட்டு மாதம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அதைக் கொடுத்தது நான்தானே. பொத்தான் இன்னும் அசையவில்லை.

ஒன்பதாம் மாதம் அவருடைய நுரையீரலிலிருந்து ஒரு துணுக்கு வந்தது. பார்த்த மாத்திரத்தில் சரியாக எழுதினேன். இவ்வளவு அரிய நோயை இத்தனை சீக்கிரம் பிடித்துவிட்டாரே என்று எல்லாரும் மெச்சினார்கள். டாக்டரம்மா மட்டும் எழுந்து ஸ்லைடு அலமாரிப் பக்கம் போனார். எந்தக் கட்டி வந்தாலும் முதல் நாளே ஒரு சீவலைச் சாயம் போடாமல் தனியாக எடுத்து வைப்பது எங்கள் லேபின் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அது எனக்கு மறந்துவிட்டது, அவருக்கு மறக்கவில்லை. முழங்கால் கட்டியின் அந்தச் சீவலுக்குச் சாயம் போட்டுப் பார்த்துவிட்டார்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அந்தத் தையல்காரப் பெண்மணி இறந்ததற்கு நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முதல் ரிப்போர்ட்டில் சிவப்பு முத்திரை குத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவர்தான் போய்விட்டாரே, இனி அதைத் திருத்தி யாருக்கு என்ன பயன்?